நிறம் யாரிடம் பேசுகிறது? பச்சோந்தி வளர்ப்பு குறித்து ஓர் ஆய்வு

1. கேள்வி

சென்னையின் மேற்குப் புறநகரில் வீட்டில் வளர்க்கப்படும் உயிர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அம்பத்தூரை அடுத்த கொளத்தூர், வண்ண மீன் வணிகத்துக்கு நாடறிந்த இடம். அங்கு வாங்கிய தொட்டியில் மீன் விட்டுப் பழகிய ஆர்வம், பிறகு ஆமைக்குப் போனது; இன்று இகுவானா, வெளிநாட்டு மலைப்பாம்பு, பச்சோந்தி என்று ஊர்வனவற்றில் வந்து நிற்கிறது. பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் உயிருள்ள ஊர்வன பிடிபடுவது சென்னை விமான நிலையத்தில் அரிதான செய்தியாக இல்லை. மறுபுறம், ஆவடியின் புதர்க்காட்டிலோ பூந்தமல்லியின் முள்வேலியிலோ தென்படும் நாட்டுப் பச்சோந்தியைப் பிடித்துவந்து ஜன்னல் கம்பியில் விட்டு, பச்சைத் துணியும் சிவப்புத் துணியும் மாற்றி மாற்றி விரித்து நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் வழக்கமும் இருக்கிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே ஆசை: நிறம் மாறும் அதிசயத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். பச்சோந்தியின் நிறமாற்றத்தைப் புரிந்துகொள்ள அதை வளர்ப்பது வழியாகுமா? வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. ஆனால் சட்டத்தின் பதிலோடு நின்றுவிட்டால், தடை நீங்கிய அன்று வளர்க்கலாம் என்று பொருளாகிவிடும். உயிரியல் தரும் பதில் அதைவிட ஆழமானது. நிறமாற்றம் பற்றி இன்று கிடைத்துள்ள சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், எந்த அழகு வளர்க்கும் ஆசையைத் தூண்டுகிறதோ அந்த அழகே வளர்ப்புக்கு எதிரான முதல் சாட்சியாக நிற்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. நிலவும் புரிதல்கள்

பச்சோந்தியைப் பற்றி நம்மிடையே மூன்று புரிதல்கள் நிலவுகின்றன. முதலாவது, அது இருக்கும் இடத்தின் நிறத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறது என்பது. பாடப்புத்தகம் முதல் மேடைப் பேச்சு வரை இதுவே செல்வாக்கு பெற்ற கருத்து. கட்சி மாறுகிறவரைப் பச்சோந்தி என்று ஏசும் அரசியல் வழக்கு இதிலிருந்தே வந்தது. இடத்துக்கு ஏற்ப வேடம் போடும் உயிர் என்ற எண்ணம் அந்த வசவுக்குள் உறைந்திருக்கிறது. இரண்டாவது, அச்சமும் நிமித்தமும் கலந்த பழைய பார்வை. குறுந்தொகையின் 140ஆம் பாடல், பாலை வழியில் செல்வோர் ஓதி எனப்படும் ஓந்தியை நிமித்தமாகக் கொண்டதைக் காட்டுகிறது. அதன் தொடர்ச்சி போலவே, பச்சோந்தியின் மூச்சுக்கும் கடிக்கும் நஞ்சு உண்டு என்று சொல்வார் இன்றும் உண்டு. பச்சோந்திக்கு நஞ்சு கிடையாது. ஓணான் தொலைவிலிருந்தே இரத்தத்தை உறிஞ்சும், அதனால்தான் அதன் கழுத்து சிவக்கிறது என்ற நம்பிக்கையும் இந்த வகையைச் சேர்ந்தது. உண்மையில் அந்தச் சிவப்பு இனப்பெருக்கக் காலத்து ஆண் ஓணானின் அறிவிப்பு. அந்த நம்பிக்கையால் கல்லடி பட்டுச் செத்த ஓணான்களுக்குக் கணக்கில்லை.

மூன்றாவது புரிதல் அண்மையது. செல்லப் பிராணி வளர்ப்போரிடையே பரவியது. நிறம் மனநிலையைக் காட்டுகிறது என்று அது சொல்கிறது. பச்சை என்றால் நிம்மதி, கறுப்பு என்றால் கோபம், மஞ்சள் என்றால் உற்சாகம் என்று அட்டவணை போட்டு விளக்குகிறார்கள். மற்ற இரண்டையும்விட இது உண்மைக்கு நெருக்கமானது. என்றாலும் இதிலும் ஒரு குறை இருக்கிறது. மனநிலை என்பது விலங்கின் உள்ளே தனித்து நிகழ்வதாகவும், அதை வெளியிலிருந்து படித்துக்கொள்ளும் உரிமை வளர்ப்பவருக்கு இருப்பதாகவும் இப்புரிதல் எடுத்துக்கொள்கிறது. நிறம் எதிரில் இருக்கும் இன்னோர் உயிரை நோக்கிக் காட்டப்படுவது என்பதை இது விட்டுவிடுகிறது. அந்த விடுபடலைச் சரிசெய்ய, முதலில் தோலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் பச்சோந்தி யார் என்பதையும் இங்கே தெளிவாக்கிக்கொள்ளலாம். உலகில் இருநூறுக்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன. அவற்றில் ஏறக்குறைய பாதி மடகாஸ்கருக்கு உரியவை. இந்தியப் பெருநிலத்திலும் இலங்கையிலும் இயற்கையாக வாழ்வது கமேலியோ ஜெய்லானிகஸ் என்ற ஒரே இனம். 1768இல் லாரென்டி அதற்கு இப்பெயரை இட்டார். முன்காலில் உட்புறம் மூன்று, வெளிப்புறம் இரண்டு என விரல்கள் இரு கொத்துகளாகப் பிரிந்து கிளையை இடுக்கிபோல் பற்றும். பின்காலில் இந்த வரிசை மாறிவிடும். இமைகள் கூம்பாகக் கூடி, நடுவே பாவை அளவுக்கு மட்டும் துளை விட்டிருக்கும். இரு கண்களும் தனித்தனித் திசையில் சுழலும். பச்சை, மஞ்சள், பழுப்பு, கரும்புள்ளிகள், பட்டைகள் என்பவையே இதன் நிற எல்லை. காணொளிகளில் வரும் செவ்வண்ண, நீலவண்ணப் பச்சோந்திகள் பெரும்பாலும் மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்திகள். அந்தக் காட்சியை எதிர்பார்த்து நாட்டுப் பச்சோந்தியைப் பிடிப்பவர் முதல் நாளே ஏமாறுகிறார். அந்த ஏமாற்றத்தின் விலையைக் கொடுப்பது விலங்குதான்.

3. தோலுக்குள் நடப்பது

பச்சோந்தியின் நிறமாற்றத்தை அரிஸ்டாட்டிலே குறித்து வைத்திருக்கிறார். உடலில் காற்றை நிரப்பும்போது நிறம் மாறுகிறது என்று எழுதினார். காரணம் தவறு என்றாலும், பச்சோந்தி உடலை உப்பவைத்துக் காட்டுவதும் நிறம் மாறுவதும் சேர்ந்தே நிகழ்வதை அவர் கவனித்திருக்கிறார் என்பது முக்கியம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுண்ணோக்கியால் தோலை ஆராய்ந்தவர்கள் கறுப்பு நிறமி நிறைந்த செல்களைக் கண்டனர். நிறமித் துகள்கள் செல்லின் கிளைகளில் பரவினால் தோல் கருக்கும், நடுவில் சுருங்கினால் வெளிறும். 1934இல் சூண்ட், ஐர் என்ற இருவர் தென்னாப்பிரிக்கப் பச்சோந்தியைக் கொண்டு நடத்திய ஆய்வு, இந்த நிறமிச் செல்களை நரம்புகள் ஆள்கின்றன என்பதை வலுவாக நிறுவியது. அமெரிக்காவின் அனோல் பல்லியில் நிறமாற்றம் முதன்மையாக ஹார்மோன் வழியாக நடக்கிறது. பச்சோந்தியின் நிறம் நரம்போடு நேரே பிணைந்திருப்பதால், அதன் கண் காண்பதும் உடல் உணர்வதும் தோலில் விரைவாக வெளிப்படுகின்றன.

நிறமித் துகள்களை மட்டும் வைத்து ஒரு கேள்விக்கு விடை சொல்ல முடியவில்லை. பச்சை மஞ்சளாகவும், மஞ்சள் செம்மஞ்சளாகவும் மாறுவது எப்படி? ஜெனீவா பல்கலைக்கழகத்தின் மிலின்கோவிச் குழுவினர் 2015இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. சிறுத்தைப் பச்சோந்தியின் தோலில் குவானின் என்ற வேதிப்பொருளாலான நுண்படிகங்கள் நிறைந்த செல் அடுக்கு இருக்கிறது. இந்தப் படிகங்களுக்கு நிறம் கிடையாது. அவை ஒழுங்கான வரிசையில் நிற்பதால், வரிசையின் இடைவெளிக்கு ஏற்ற ஒளி மட்டும் திருப்பி அனுப்பப்படுகிறது. விலங்கு அமைதியாக இருக்கையில் படிகங்கள் நெருங்கி நிற்கின்றன. அப்போது நீல ஒளி திரும்புகிறது. அதன்மேல் உள்ள மஞ்சள் நிறமி அடுக்கோடு கலந்து நம் கண்ணுக்குப் பச்சையாகப் படுகிறது. இன்னோர் ஆணைக் கண்டு கிளர்ச்சியடைந்தால் சில நிமிடங்களில் படிகங்களின் இடைவெளி கூடுகிறது; நீண்ட அலையுடைய மஞ்சளும் செம்மஞ்சளும் திரும்புகின்றன. அதற்கும் கீழே, பெரிய படிகங்கள் ஒழுங்கின்றி அமைந்த இரண்டாவது அடுக்கு உண்டு. அது அகச்சிவப்பை ஒட்டிய ஒளியைத் திருப்பி அனுப்பி, வெயிலின் வெப்பத்திலிருந்து உடலைக் காக்கக்கூடும் என்று அக்குழு கருதியது.

இந்த அமைப்பு நம் கேள்விக்கு இரண்டு வகையில் பொருந்துகிறது. ஒன்று, பச்சோந்தி துணியின் நிறத்தை நகலெடுப்பதில்லை. எந்த நிறத்தையும் அப்படியே நகலெடுக்கும் பொறியமைப்பு தோலில் கிடையாது. அமைதி, கிளர்ச்சி, குளிர், வெயில், அச்சம் ஆகியவையே இடைவெளியையும் நிறமியையும் நகர்த்துகின்றன. சிவப்புத் துணியில் விட்டபோது அது கருத்தால், துணியைப் பார்த்துக் கருத்ததாக எண்ணுவது பிழை. கையில் பிடிபட்டதாலும், ஒளிந்துகொள்ளக் கிளை இல்லாத வெட்டவெளியில் நிறுத்தப்பட்டதாலும் வந்த கருமை அது. இரண்டாவது, வெப்பத்தின் பங்கு. கென்யப் பச்சோந்திகளைப் பற்றி வால்டன், பென்னெட் இருவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, உடல் வெப்பத்தோடு நிறம் மாறுவதைக் காட்டியது. குளிர்ந்த காலையில் உடலைப் பக்கவாட்டில் வெயிலுக்குக் காட்டிக் கருத்து நிற்கும் பச்சோந்தி, சூடேறியதும் வெளிறுகிறது. ஆகவே ஒரே கருமைக்குக் குளிர், அச்சம், தோல்வி, நோய் என்று பல காரணங்கள் இருக்க முடியும். சூழலை விலக்கிவிட்டு நிறத்தை மட்டும் பார்த்துப் பொருள் சொல்லும் அட்டவணை எதுவும் நம்பத்தக்கதாகாது.

4. யாரை நோக்கிய நிறம்?

இவ்வளவு சிக்கலான அமைப்பு எதற்காகப் பரிணமித்தது என்பது அடுத்த கேள்வி. ஒளிந்துகொள்வதற்காக என்பது பழைய விடை. இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் தேவி ஸ்டூவர்ட்-ஃபாக்ஸும் அத்னான் மூசல்லியும். தென்னாப்பிரிக்கக் குட்டைப் பச்சோந்திகளின் 21 வகைகளை ஒப்பிட்டு, 2008இல் பிளாஸ் பயாலஜி இதழில் முடிவை வெளியிட்டனர். ஒளிந்துகொள்வதே காரணம் என்றால், பலவண்ணப் பின்னணி கொண்ட இடங்களில் வாழும் வகைகள் அதிகமாக நிறம் மாற வேண்டும். அப்படிக் காணப்படவில்லை. எந்த வகையின் ஆண்கள் தமக்குள் மிக எடுப்பான நிறங்களைக் காட்டிக்கொள்கின்றனவோ, அந்த வகையே மிகுதியாக நிறம் மாறியது. நிறமாற்றத்தின் வளர்ச்சியை உந்தியது சமூக அறிவிப்பே என்று அவர்கள் முடிவு செய்தனர். இதே ஆய்வாளர்கள் மார்ட்டின் வைட்டிங்கோடு சேர்ந்து அதே ஆண்டு செய்த இன்னோர் ஆய்வு, ஒளிதலுக்கும் நிறம் பயன்படுவதை மறுக்கவில்லை. நிறங்களைக் கூர்ந்து பிரித்தறியும் பறவையின் முன் பச்சோந்தி பின்னணியோடு நெருங்கிப் பொருந்தியது. பாம்பின் முன் அந்த அளவுக்குப் பொருந்தவில்லை. எதிரில் இருப்பவரின் கண்ணை அறிந்து நிறம் காட்டப்படுகிறது என்பது இரண்டு ஆய்வுகளுக்கும் பொதுவான செய்தி.

அறிவிப்பின் உள்ளடக்கத்தை ரஸ்ஸல் லிகன், கெவின் மெக்ரா இருவரும் 2013இல் இன்னும் நுட்பமாகக் காட்டினர். ஏமன் பகுதிக்குரிய முக்காட்டுப் பச்சோந்தியின் ஆண்களை மோதவிட்டு, உடலின் வெவ்வேறு இடங்களில் நிறம் மாறும் வேகத்தையும் ஒளிர்வையும் அளந்தனர். உடலின் பட்டைகள் எவ்வளவு ஒளிர்ந்தனவோ அந்த அளவுக்கு அந்த ஆண் நெருங்கிவரும் வாய்ப்பு கூடியது. தலை விரைவாகவும் மிகுதியாகவும் ஒளிர்ந்த ஆணே பெரும்பாலும் வென்றது. அதாவது மோதும் எண்ணத்தை உடலும், மோதும் திறத்தைத் தலையும் தெரிவிக்கின்றன. லிகன் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கம்: தோற்கும் ஆண் கருத்துத் தன் விலகலை அறிவிக்கிறது, வென்ற ஆணின் தாக்குதல் தணிகிறது. அந்தக் கருமை தோற்றவரின் உயிரைக் காக்கிறது. நம் பக்கத்திலும் இதற்கு இணையான சான்று உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அனுராதா பட்டாப்யால், மரியா தாக்கர் இருவரும் தென்னிந்தியப் பாறை ஓணான்களிடம் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஆண் ஓணான் பெண்ணிடம் காட்டும் நிறமும் எதிராளி ஆணிடம் காட்டும் நிறமும் வேறுபட்டன. பெண்ணிடம் நிற வேறுபாடு எடுப்பாக இருந்தது. போட்டியில் மாற்றம் விரைவாக இருந்தது.

ஹவாய் தீவுகளின் கதையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 1972இல் செல்லப் பிராணி வணிகத்துக்காகக் கென்யாவிலிருந்து ஓவாகு தீவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜாக்சன் பச்சோந்திகள் தப்பிப் பெருகின. வைட்டிங் குழு 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, வேட்டைப் பறவைகளும் பாம்புகளும் மிகுந்த கென்யாவில் உள்ள அதே இனத்தவற்றைவிட, அத்தகைய அச்சம் குறைந்த ஹவாய்ப் பச்சோந்திகள் எடுப்பான நிறங்களைக் காட்டுகின்றன. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளில் இவ்வளவு வேறுபாடு. எதிரியும் துணையும் போட்டியாளரும் கொண்ட ஒரு சூழலுக்குள்தான் பச்சோந்தியின் நிறம் பொருள்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

5. கூண்டுக்குள் நிறம்

மேற்கண்ட சான்றுகளை ஏற்றால், வளர்ப்புக் கூண்டைப் பற்றிய முடிவு தானே பின்தொடர்கிறது. கூண்டில் பச்சோந்திக்கு எதிரில் இருப்பது மனித முகம். அது காட்டும் நிறங்களில் பெரும்பகுதி மனிதரைக் கண்ட அச்சத்தின் நிறம். அல்லது வெப்பமும் வெளிச்சமும் பொருந்தாத உடலின் நிறம். விரலை நீட்டினால் வாயைப் பிளந்து, உடலைத் தட்டையாக்கி, கரும்புள்ளி பரப்பும் பச்சோந்தியைக் காணொளியில் கண்டு விளையாட்டு என்று சிரிக்கிறோம். அது தற்காப்பின் கடைசிப் படி. கண்ணாடித் தொட்டியில் வைத்தால் தன் பிம்பத்தையே இன்னோர் ஆணாகக் கண்டு, விலக இடமில்லாமல், முடிவில்லாத மோதலில் சிக்குகிறது. அதனால்தான் அனுபவமுள்ள வளர்ப்பாளர்களே கண்ணாடியைத் தவிர்த்து வலைக்கூண்டைப் பரிந்துரைக்கிறார்கள். அந்தப் பரிந்துரை, நிறம் எவரை நோக்கியது என்பதை அவர்களும் அறிவார்கள் என்று காட்டுகிறது.

உடல் தேவைகளும் எளியவை இல்லை. பச்சோந்தி கிண்ணத்தில் தேங்கிய நீரைப் பெரும்பாலும் நீராக அறிவதில்லை. இலையில் உருளும் துளியை நக்கிக் குடிக்கும். நீர்க் கிண்ணம் நிறைந்திருக்க, பச்சோந்தி தாகத்தால் கண் குழிந்து கிடக்கும். உயிருள்ள பூச்சியே அதன் உணவு. உடலைவிட நீண்ட நாக்கை எறிந்து பிடிப்பதற்கு நகரும் இரை வேண்டும். சூரியனின் புறஊதா ஒளி இல்லாமல் வைட்டமின் டி உருவாகாது, கால்சியம் எலும்பில் சேராது. இதனால் வீட்டுக்குள் வளரும் பச்சோந்திகளின் கால் எலும்புகள் வளைகின்றன, தாடை மென்மையாகிறது. கிளையைப் பற்ற முடியாமல் அவை கீழே விழுகின்றன. பெண் பச்சோந்தி முட்டையிட மரத்திலிருந்து இறங்கி மண்ணைத் தோண்டும் இயல்புடையது. தோண்ட மண் கிடைக்காத பெண், முட்டைகளை வெளியேற்ற முடியாமல் வயிற்றிலேயே தேக்கிச் சாவதுண்டு. மூச்சுத் தொற்றோ தாகமோ எலும்பு நோயோ, பச்சோந்தி நோயை நெடுநாள் மறைக்கும். கருத்த நிறமும் மூடிய கண்ணும் வெளிப்படும்போது காலம் கடந்திருக்கும். அந்தக் கட்டத்தில் ஊர்வன மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரைத் தேடி மாநகரம் முழுதும் அலைய வேண்டியிருக்கும்.

இவற்றைவிட அழுத்தமான சான்று ஒன்று உண்டு. பேலன், ஷைன், ஓல்சன் மூவரும் 2014இல் அனிமல் பிஹேவியர் இதழில் வெளியிட்ட ஆய்வில், முக்காட்டுப் பச்சோந்திக் குஞ்சுகளில் சிலவற்றைத் தனியாகவும் சிலவற்றைக் கூட்டமாகவும் வளர்த்தனர். பிறகு சந்திக்கவைத்தபோது, தனியாக வளர்ந்தவை அடங்கிப்போயின, கருத்த மங்கிய நிறம் காட்டின. இரையைப் பிடிப்பதிலும் பின்தங்கின. தனிமை ஒரு பச்சோந்தியின் நிறமொழியையே மாற்றிவிடுகிறது என்று இதிலிருந்து புரிந்துகொள்கிறோம். நிறத்தைப் பார்க்க ஆசைப்பட்டு வளர்ப்பவர், தான் பார்க்க விரும்பிய அந்த நிறத்தையே குலைத்துவிடுகிறார்.

6. சட்டத்தின் நிலை

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் நாட்டுப் பச்சோந்தி இருக்கிறது. அச்சட்டத்தில் வேட்டை என்பது கொல்வதோடு நிற்கவில்லை. பிடிப்பதும் கண்ணியில் சிக்கவைப்பதும் ஊர்வனவற்றின் முட்டைகளைக் குலைப்பதும் வேட்டையே. ஆகவே ஏரிக்கரையில் கிடைத்த பச்சோந்தியை வீட்டுக்குக் கொண்டுவருவது, எவ்வளவு அன்போடு செய்தாலும், குற்றம். வெளிநாட்டுப் பச்சோந்திகளின் நிலை வேறு. வளர்ப்புச் சந்தையில் புழங்கும் முக்காட்டுப் பச்சோந்தி, சிறுத்தைப் பச்சோந்தி இரண்டும் சைட்டீஸ் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் உள்ளன. நம் பச்சோந்தியும் அதே இணைப்பில் உள்ளது. 2022இல் நிறைவேறி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், சைட்டீஸ் இனங்களை இந்தியச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரி 28இல் வெளியான விதிகள், அத்தகைய உயிர்களை வைத்திருப்போர் ஆறு மாதத்துக்குள் பரிவேஷ் இணையத்தளத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்றன. அயல்நாட்டிலிருந்து கொண்டுவர முன் உரிமம் வேண்டும். பிறப்பும் இறப்பும் கைமாற்றமும் தெரிவிக்கப்பட வேண்டும். சட்டம் வெளிநாட்டு இனங்களை முற்றாகத் தடுக்கவில்லை, கணக்குக்குள் கொண்டுவருகிறது. ஆகையால் இந்த வாதம் சட்டத்தோடு முடியாமல் அறத்திலும் உயிரியலிலும் தொடர வேண்டியிருக்கிறது.

7. மறுப்புகளும் விடைகளும்

இவ்வாதத்துக்கு எதிராக எழும் முதல் மறுப்பு நியாயமானது. மேலே காட்டிய ஆய்வுகளில் பலவும் கூண்டில் வளர்ந்த பச்சோந்திகளைக் கொண்டு நடந்தவை; வளர்ப்பே இல்லாவிட்டால் இந்த அறிவு எங்கிருந்து வந்திருக்கும்? ஆய்வுக் கூண்டும் வீட்டுக் கூண்டும் ஒன்றாகிவிடாது என்பதே விடை. ஆய்வாளர் இரு பச்சோந்திகளை எதிரெதிரே வைத்து, குறித்த நேரத்துக்குப் பார்த்து, பிரித்துவிடுகிறார். அவர் ஆராய்வது ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையிலான உரையாடலை. வீட்டில் அந்த உரையாடலே இல்லை. மேலும், இக்கட்டுரையின் வாதத்துக்கு அடித்தளமான குட்டைப் பச்சோந்தி ஆய்வும் ஹவாய் ஆய்வும் காட்டில் வாழும் பச்சோந்திகளைத் தேடிச் சென்று செய்யப்பட்டவை. நிறத்தைப் பற்றிய பெரிய கேள்விகளுக்கு விடை வெளியில்தான் கிடைத்தது.

இரண்டாவது மறுப்பு: பச்சோந்தி தனித்து வாழும் விலங்கு, ஆகவே தனிக்கூண்டு அதன் இயல்புக்கு ஒத்தது. வளர்ந்த பச்சோந்திகளை ஒரே கூண்டில் அடைப்பது கொடுமை என்பது உண்மைதான். ஆனால் தனித்து வாழ்வது வேறு, எவரையும் காணாமல் வாழ்வது வேறு. காட்டில் ஒரு பச்சோந்தி இன்னொன்றைக் கண்டு, நிறம் காட்டி, விலகி, அடுத்த புதருக்குப் போகிறது. விலகும் உரிமையே அதன் தனிமைக்குப் பொருள் தருகிறது. கூண்டில் அந்த உரிமை இல்லை.

மூன்றாவது மறுப்பு பெற்றோரிடமிருந்து வரும்: நகரத்துப் பிள்ளைகள் விலங்குகளை நேசிக்கக் கற்பது வீட்டில்தானே? ஒரு பிள்ளை கூண்டுப் பச்சோந்தியிடம் கற்பது, அஞ்சும் உயிரை வேடிக்கை பார்ப்பது. அதே பிள்ளையை ஓர் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று, தொலைவில் நின்று, ஓணானின் தலையசைப்பையும் கழுத்துச் சிவப்பையும் கவனிக்கச் சொன்னால், அது யாரை நோக்கிய அறிவிப்பு என்று தேட அவள் கற்றுக்கொள்வாள். நிறத்தைப் பற்றி மேலே சொன்ன அறிவியலின் சாரம் முழுதும் அந்த ஒரு கவனிப்பில் அடங்கிவிடும். ஓணானைப் பார்க்க உரிமமும் தேவையில்லை.

நான்காவது மறுப்பு: தடை போட்டால் கள்ளச்சந்தை பெருகும், பதிவோடு அனுமதிப்பதே மேல். முறையாகப் பதிவுசெய்யப்பட்ட, வளர்ப்பிலேயே பிறந்த வெளிநாட்டுப் பச்சோந்திகளை ஏற்கெனவே வைத்திருப்போர் அவற்றைச் சரியாகப் பேண வேண்டும், பதிவு செய்ய வேண்டும், ஒருபோதும் வெளியில் விடக் கூடாது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஹவாயில் நடந்தது இங்கும் நடக்கலாம். நம் வெயிலும் பூச்சிகளும் வெப்பநாட்டுப் பச்சோந்திக்கு அந்நியமானவை இல்லை. ஆனால் புதிதாக வாங்குவோரின் தேவையே சந்தையை உருவாக்குகிறது. பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் திணிக்கப்பட்டு வரும் உயிர்களில் எத்தனை இறந்து வருகின்றன என்பதை எந்தக் கடையின் விலைப்பட்டியலும் காட்டாது. வாங்காமலிருப்பதே அந்தப் பெட்டியை மூடும் வழி.

8. மேற்குப் புறநகரின் பொறுப்பு

பச்சோந்தியை நேசிப்பவருக்கு அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் செய்வதற்குரிய வேலை இருக்கிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கியது. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் அதே பத்தாண்டுக்கு உரியது. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது, 2019இல் ஆவடி தனி மாநகராட்சியானது. இந்த வளர்ச்சிக்கிடையே அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் ஏரிகளின் கரைகளிலும், பாதுகாப்புத் துறை வளாகங்களிலும், இன்னும் விலை போகாத மனைகளிலும் வேம்பும் புங்கையும் நுணாவும் காரையும் கொடியுமாகப் புதர்கள் மிஞ்சியிருக்கின்றன. பச்சோந்திக்கு வேண்டியது இத்தகைய தொடர்ச்சியான கிளைப் பாதைதான். ஓணான் ஓடித் தப்பும், நகரத்துக்குப் பழகிக்கொள்ளும். புறநகர்ப் பாறை ஓணான்கள் காட்டுப்புறத்தவற்றைவிட விரைவாகப் பாதுகாப்பான ஒதுங்கிடத்தைக் கற்றுக்கொள்வதைப் பெங்களூரு ஆய்வாளர்கள் 2019இல் காட்டினர். பச்சோந்திக்கு அந்த வாய்ப்பு குறைவு. அது ஓடாது, ஒவ்வோர் அடியிலும் முன்னும் பின்னும் ஆடி நின்று நடக்கும். முட்டையிடத் தரைக்கு இறங்கும் பெண்ணும், புதரிலிருந்து புதருக்குப் போகச் சாலையைக் கடக்கும் ஆணும் சக்கரத்துக்குத் தப்புவது அரிது.

ஏரிக்கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று ஜேசிபியால் புதரை வழித்து, நடைபாதைக் கல் பதித்து, இடைவெளி விட்டு அழகுச் செடி நடும் முறையை நம் உள்ளாட்சிகள் மாற்றிக்கொள்ள வேண்டும். சீமைக் கருவேலத்தை அகற்றும்போது கூடவே நாட்டுப் புதர்களையும் அகற்றிவிடாமல், கரையின் ஒரு பக்கத்தையாவது தொடர் புதராக விட்டுவைப்பது செலவில்லாத பணி. குடியிருப்போர் சங்கங்களும் பள்ளிகளும் அதைக் கேட்டுப் பெறலாம். சாலையில் பச்சோந்தியைக் கண்டால், ஒரு குச்சியில் ஏறவிட்டு அது போகும் திசையிலேயே அருகிலுள்ள செடியில் விட்டுவிடுவதே உதவி. அடிபட்டிருந்தால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோவது எந்த நிலையிலும் உதவியாகாது.

பச்சோந்தியின் நிறம் இன்னொரு பச்சோந்திக்கும், அதைத் தேடும் பறவைக்கும், காலை வெயிலுக்கும் உரியது. அவற்றிடமிருந்து பிரித்துவிட்டால் அச்சத்தின் கருமை மட்டுமே நம் கையில் மிஞ்சும். பச்சோந்தி வாங்க வைத்திருக்கும் பணத்துக்கு ஓர் இருநோக்கி வாங்குங்கள். பிள்ளைகளோடு ஏரிக்கரைக்குப் போங்கள். அங்கே புதர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் உங்கள் மாமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்.